கல்லடி உப்போடையில் மிஷன் கட்டிய கட்டடங்கள்

விபுலானந்த அடிகளுக்குச் சிலை வைக்கிறோம், நினைவுதினம் வைக்கிறோம், நல்லது. ஆனால் அவர் கட்டியெழுப்பிய கட்டடங்களின் கதையை யாரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

மட்டக்களப்பில் அந்த நாளில் ஆங்கிலம் படிக்க வேண்டுமென்றால் வாவி கடந்து புளியந்தீவுக்குத்தான் போக வேண்டும். அங்கே 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியும், 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியும் இருந்தன. காரைதீவில் 1892இல் மயில்வாகனனாகப் பிறந்த அடிகளும் இந்த இரண்டிலும் படித்தவர்தான், பிறகு மிக்கேலில் படிப்பித்தும் இருக்கிறார். 1924இல் இராமகிருஷ்ண மிஷனில் துறவு பூண்டு அடுத்த ஆண்டே ஊர் திரும்பியவர், தமிழ்ப் பிள்ளைகள் தங்கள் சமயத்தையும் மொழியையும் விடாமல் ஆங்கிலமும் விஞ்ஞானமும் படிக்க ஓர் இடம் வேண்டும் என்று கல்லடி உப்போடையைத் தேர்ந்தார். 1929இல் திறந்த பள்ளிக்குத் தமக்குத் துறவு தந்த குரு சுவாமி சிவானந்தரின் பெயரை வைத்தார். ஆதரவற்ற பிள்ளைகளுக்கான மாணவர் இல்லத்தையும் மிஷன் அங்கேயே நடத்தியது. படிப்பும் சாப்பாடும் ஒரே வளவுக்குள் கிடைத்ததால்தான் எத்தனையோ ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் கரையேறினார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1947 ஜூலை 19இல் கொழும்பில் காலமான அடிகளின் உடலை இங்கே கொண்டுவந்து பள்ளி வளவிலேயே சமாதி வைத்தார்கள்.

அப்புறம் வந்ததுதான் பெரிய மாற்றம். அரசின் உதவிப் பணம் பெற்று மிஷன்கள் போன்ற அமைப்புகள் நடத்திய பள்ளிகளின் நிர்வாகத்தை அரசு 1960ஆம் ஆண்டுச் சட்டத்தால் எடுத்தது, அடுத்த ஆண்டு வந்த சட்டத்தால் காணியும் கட்டடமும்கூட நட்டஈடு இல்லாமல் அரசின் கைக்குப் போயின. நாடு முழுக்க நடந்ததுதான் என்றாலும், ஊர்ச்சனம் கொடுத்த காசிலும் உழைப்பிலும் எழுந்த பள்ளிகள் ஒரு கையெழுத்தில் கைமாறியதை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை. பள்ளி அரசிடம் போக இல்லம் மிஷனிடமே நின்றது, பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் இரண்டுக்கும் இரண்டு நிர்வாகம். சரி, இலவசக் கல்வி எல்லாருக்கும் சமமாகப் போய்ச் சேர வேண்டும் என்ற நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை, ஆனால் கட்டியவர்களின் பெயராவது அந்தச் சுவர்களில் மிஞ்சியிருக்க வேண்டும்.

1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்பில் கூரைகளைப் பிய்த்தெறிந்தது, 2004 சுனாமி கல்லடிக் கரையை அள்ளிப்போனது, இடையில் போர் வேறு. வீடுகளில் இருந்த பழைய படங்களும் பற்றுச்சீட்டுகளும் இவற்றோடு எவ்வளவு போயிருக்கும்! மிச்சம் ஏதும் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால், பழைய விடுதிப் படமோ பரிசளிப்பு விழா மலரோ எதுவானாலும், ஸ்கேன் பண்ணி, பழைய ஆவணங்களை இணையத்தில் சேர்த்து வைக்கும் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள். விடுதியில் இருந்து படித்த பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் எந்த மண்டபம் எங்கே நின்றது என்று இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.