ஜாக்கின் புது வெயிஸ்ட்கோட்

வர்ஜீனியாவில், பதினெட்டாம் நூற்றாண்டு ஊரை மறுபடி நிறுத்திக் காட்டும் அருங்காட்சியகம் ஒன்றில் தையல் வேலை பார்க்கிறேன். நடிகர்கள் அந்தக் கால மனிதர்களாக வேடம் கட்டித் தெருவில் நடப்பார்கள், பார்க்க வருகிறவர்களோடு பேசுவார்கள். தொடக்கத்தில் சீமாட்டிகளின் பட்டு கவுன்கள்தான் என் மேசைக்கு வந்தன. பிறகு, அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களின் கதையைச் சொல்லும் குழுவுக்கு மாற்றினார்கள். அங்கிருந்து நகர எனக்கு விருப்பமே வரவில்லை.

பட்டு கவுனுக்கு மாதிரி கிடைக்கும். வீட்டில் பெட்டியில் வைத்துக் காப்பாற்றியிருப்பார்கள், ஓவியத்திலும் இருக்கும். புகையிலை வயலில் உழைத்தவரின் சட்டை கிழியும்வரை உடுத்தப்பட்டு, கந்தலாகிப் போய்விட்டது. அதற்கு எங்களுக்குக் கிடைக்கும் சான்றுகளில் முக்கியமானவை, தப்பியோடியவர்களைப் பிடித்துத் தரச் சொல்லி உடைமையாளர்களே செய்தித்தாளில் போட்ட விளம்பரங்கள். ஆளைப் பிடிக்க வேண்டுமே என்று உயரம், தழும்பு, பேச்சு, துணி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதியிருப்பார்கள். படிக்கும்போது வயிற்றைப் பிசையும். ஆனால் அளவெடுக்க அதைவிட்டால் வழியில்லை.

1761 ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை. ஜார்ஜ் வாஷிங்டனின் டோக் ரன் பண்ணையிலிருந்து பெரோஸ், ஜாக், நெப்டியூன், கியூபிட் என்ற நான்கு பேர் தப்பிப் போனார்கள். பிற்காலத்தில் நாட்டின் முதல் ஜனாதிபதியான அதே வாஷிங்டன், 11ஆம் தேதியிட்டு மேரிலாந்து கெஸட் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார். கியூபிட்டும் நெப்டியூனும் இரண்டே வருடங்களுக்கு முன் ஆப்பிரிக்கக் கப்பலிலிருந்து வாங்கப்பட்டவர்கள். ஜாக்குக்கு வயது முப்பதுக்குப் பக்கம், உயரம் கிட்டத்தட்ட ஆறடி, ஒல்லி. இரண்டு கன்னத்திலும் பிறந்த நாட்டு அடையாளமான கீறல்கள். பாதம் பெரிது, பெரிய செருப்பு வேண்டும் என்று அதையும் எழுதியிருக்கிறார். உடை என்னவென்று உறுதியாகத் தெரியவில்லை, அன்றாட வேலை உடையாக இருக்கலாம் என்கிறது விளம்பரம்: ஓஸ்னபர்க் சட்டை, அதன்மேல் போடும் காட்டன் வெயிஸ்ட்கோட். வெயிஸ்ட்கோட்டுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், அவரிடம் புதிது ஒன்று இருந்தது என்று ஒரு குறிப்பு.

ஓஸ்னபர்க் என்பது முரட்டு லினன். தோளில் உட்காராது, கழுத்தை அறுக்கும். அந்த ‘காட்டன்’ நம் பருத்தியும் அல்ல, மட்டமான கம்பளி. ஆகஸ்ட் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டுதான் போயிருப்பார். கைத்தையலில் ஒரு காஜா எடுக்கும் நேரத்தில் இதையெல்லாம் நினைக்காமல் இருக்க முடியாது.

வழக்கமாக நாங்கள் வேலையாட்களின் உடையைப் பழசாக்குவோம். முழங்கையை உப்புத்தாளால் தேய்ப்போம், தேயிலைச் சாயத்தில் முக்குவோம். ஜாக்காக நடிப்பவர் அளவு பார்க்க வந்தபோது வெயிஸ்ட்கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இதைப் பழசாக்காதீங்க” என்றார். “போறதுன்னு முடிவு பண்ணினவர் புதுசை விட்டுட்டுப் போவாரா? அதுக்காகவே எடுத்து வெச்சிருப்பார்.” எங்கள் பிரிவில் இரண்டு கருத்து இருந்தது. கந்தலில் நிற்பவரைத்தான் பார்வையாளர் அடிமை என்று ஏற்பார் என்று சிலர் வாதிட்டார்கள். நான் அந்த நடிகர் பக்கம் நின்றேன். பிடிப்பதற்காக எழுதிய தாளில், திட்டம் போட்டுப் புறப்பட்ட ஒரு மனிதரை அவர் பார்த்துவிட்டார். புதிதாகவே தைத்தோம்.

இந்த வேலை சும்மா வந்துவிடவில்லை. அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் நகரில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர்தான். ஆனாலும் அங்கே நிறுவப்பட்ட காலனியல் வில்லியம்ஸ்பர்க் என்ற அருங்காட்சியகம் பல பத்தாண்டுகள் அவர்களைப் பற்றி ஏறக்குறைய வாயே திறக்கவில்லை. 1994 அக்டோபர் 10 அன்று அடிமை ஏலத்தை அங்கே நடித்துக் காட்டியபோது கறுப்பின உரிமை அமைப்புகளிடமிருந்தே எதிர்ப்பு வந்தது. மக்களின் வலி வேடிக்கையாகிவிடும் என்ற பயம் அது. அந்தப் பிரிவின் தலைவி கிறிஸ்டி கோல்மன், கறுப்பினப் பெண், தானே ஏலத்தில் விற்கப்படும் கர்ப்பிணியாக நின்றார். எதிர்த்து வந்தவர்களில் ஒருவர் பார்த்து முடித்ததும் மனம் மாறினார். அந்தப் பயம் நியாயமானதுதான் என்பேன். அதனால்தான் எங்கள் நடிகர்கள் கதை முடிந்ததும் வேடத்திலிருந்து வெளியே வந்து, தம் சொந்தக் குரலில் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள்.

நெசவுக் குடும்பத்தில் பிறந்த எனக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. சோழமண்டலக் கரையில் நெய்த துணிகள் ஐரோப்பியக் கப்பல்களில் மேற்கு ஆப்பிரிக்கா போய், மனிதர்களை வாங்கக் கொடுத்த சரக்குகளில் சேர்ந்தன. நெய்தவருக்கு அது தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும்.

அடிக்கடி வரும் கேள்வி: “வாஷிங்டன் நல்ல எஜமானராச்சே, ஏன் ஓடினாங்க?” ஜாக்காக நடிப்பவர் பதிலுக்கு விளம்பரத்தின் கடைசிப் பகுதியை எடுத்து வாசிப்பார். யாரோடும் சண்டையில்லை, மேற்பார்வையாளர் ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லவில்லை, அப்படியும் போய்விட்டார்கள் என்று வாஷிங்டனே அதில் எழுதியிருக்கிறார்.

அடுத்து ஒரு பெண்ணின் கதை வருகிறது. விளம்பரங்களில் பெண்கள் குறைவு. குழந்தைகளை விட்டுவிட்டு ஓடுவது அவ்வளவு எளிதல்ல. ஓடியவர்கள் மாற்றுடைகளையும் தூக்கிக்கொண்டு போனதாக வரும், அடையாளம் மறைக்கவும் வழியில் விற்கவும். அதனால் உடுத்தியிருப்பதோடு மூட்டையில் இருப்பதையும் சேர்த்தே இந்தமுறை தைக்கிறோம்.