டேமுக்கு அந்தப்பக்கம்

ஜனவரி 18, ஞாயிறு

பொங்கல் முடிந்த கையோடு விமான டிக்கெட் போட்டாயிற்று. கோவையிலிருந்து டெல்லி, எனக்கும் அப்புச்சிக்கும் (அம்மாவின் அப்பா). சித்தி வீட்டில் ஒரு மாதம் இருப்பார். எப்போதும் கொங்கு எக்ஸ்பிரஸில் ரெண்டு ராத்திரி படுத்துப் போகிறவர், இந்த வருடம் முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

எத்தனை மணிக்கு, என்ன விலை என்று கேட்கவில்லை. "எத்தன மைலுங்கண்ணு?" என்றார். போனில் தேடினேன், சுமார் 1,940 கிலோமீட்டர். மைலில் 1,200. நம்பாத மாதிரி தலையாட்டினார்.

ஜனவரி 19

மகனின் அட்லஸை விரித்தோம். கோவை விமான நிலையம் கிழக்கே 77.04 டிகிரி, டெல்லி 77.10. ஸ்கேலை வைத்தால் கோடு செங்குத்தாக மேலே போகிறது! டெல்லி எங்கோ வலது பக்கம் தள்ளியிருப்பதாகத்தான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அந்தக் கோடு நம் பவானிசாகர் அணையை ஒட்டியே போகிறது.

நேர் வடக்கு என்பதால் கணக்கு சுலபம். அட்சரேகையில் 11 டிகிரியிலிருந்து 28½ வரை, 17½ டிகிரி. டிகிரிக்கு 111 கி.மீ. வைத்துப் பெருக்கினால் 1,942. விமானிகள் கடல் மைலில் கணக்குப் பார்ப்பார்கள்; டிகிரியை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு கடல் மைல், 1.852 கி.மீ. அப்படிப் பார்த்தால் 1,050.

"அதும் மைலுதானே" என்று அப்புச்சி அதையே காலண்டர் தாளின் பின்னால் எழுதிக்கொண்டார். குறைவாக இருந்தது பிடித்துவிட்டது போல.

ஜனவரி 23, வெள்ளி

காலை 6.45க்குக் கோபியில் கார் ஏறினோம். குன்னத்தூர், பெருமாநல்லூர், அவிநாசியில் ஒரு டீ. ஒன்பதே காலுக்குப் பீளமேடு விமான நிலையம்.

11.40க்குக் கிளம்பி 2.40க்குச் சேரும் என்றது டிக்கெட். ஆனால் டெல்லியில் பனி. அங்கிருந்து வரும் விமானம்தான் எங்களை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும், அது வந்தால்தானே? ஒன்றரைக்குத்தான் நகர்ந்தது.

ஜன்னல் அப்புச்சிக்கு. சக்கரம் தரையை விட்டதும் ஹெச்.எம்.டி. வாட்ச்சைப் பார்த்து, "ஒன்னு முப்பத்தெட்டு, எழுதிக்க" என்றார். கொஞ்ச நேரத்தில் கீழே அணையின் தண்ணீர். "நம்ம வாய்க்காத் தண்ணி" என்று கண்ணாடியைத் தட்டிக் காட்டினார். சத்தியமங்கலம் மலை தாண்டியதும் தூங்கிப்போனார்.

டெல்லியில் சக்கரம் தொட்டது 4.16. பறந்தது ரெண்டு மணி முப்பத்தெட்டு நிமிடம். அப்புறம் ஓடுபாதையிலிருந்து நிற்கும் இடத்துக்கு ஊர்ந்தது மட்டும் பத்தொன்பது நிமிடம். டிக்கெட்டில் போடும் மூன்று மணியில் இந்த ஊர்வலமும் சேர்த்திதான்: நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து, போய் நிற்கும் வரை.

சித்தி வீட்டுக் கதவைத் தட்டும்போது 6.30.

அப்புச்சி சட்டையைக் கழற்றும் முன்பே கணக்கை முடித்துவிட்டார். "ரெண்டரை மணி பறந்தோம். மீதி ஒம்போது மணி நேரமும் சும்மா உக்காந்துட்டுதான் இருந்தோம்."

ஜனவரி 25

காலையில் கோபிக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார், பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம். பனியைப் பற்றியோ விமானத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

"தூரமெல்லாம் ஒன்னுமில்லப்பா. நம்ம டேமுக்கு நேரா அந்தப்பக்கம்தான் டெல்லி."