உபின் தீவின் மண்பாதையில் அக்கா மகனோடு

என் அக்கா மகனுக்கு 14 வயது. மலைப்பாதையில் ஓட்டும் மவுண்டன் பைக் சைக்கிள் என்றால் அவனுக்கு உயிர். நினோ ஷுர்ட்டர் 10 முறை உலக சாம்பியன் ஆன கதையையும், பாரிஸ் ஒலிம்பிக்கில் நடுவழியில் டயர் பஞ்சராகியும் டாம் பிட்காக் கடைசிச் சுற்றில் முந்தித் தங்கம் வாங்கியதையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். துணிச்சல் நிறைய உண்டு, நிதானம்தான் இல்லை என்பது அக்காவின் கவலை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சைக்கிளை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று தெரியாத பையன்தான் கண்ணை மூடிக்கொண்டு வேகமாக விடுகிறான். கை பழகிவிட்டால் நிதானமும் கூடவே வந்துவிடும் என்று அக்காவிடம் சொல்லி, அவனை என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன்.

அவன் ஆசைப்பட்டுக் கேட்டது சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவிலிருக்கும் கெத்தாம் மவுண்டன் பைக் பூங்கா. 2008-இல் திறந்த இடம். 45 ஹெக்டேர் பரப்பு. கைவிடப்பட்ட கருங்கல் குவாரி ஒன்றை ஒட்டிய மேடுகளில் பாதைகள் ஏறி இறங்குகின்றன. நீலச் சதுரம் போட்ட பலகை என்றால் நடுத்தரம், கறுப்பு வைரம் என்றால் கடினம், இரட்டை வைரம் என்றால் நன்றாகத் தேறியவர்களுக்கு மட்டும். அவன் கண் முழுக்க அந்த இரட்டை வைரத்தின் மீதுதான். சரி, போகலாம், ஆனால் அதற்கு முன் செஸ்நட் இயற்கைப் பூங்காவில் பயிற்சி என்று சொன்னேன்.

செஸ்நட் 81 ஹெக்டேர். அங்கே நடப்பவர்களுக்குத் தனிப் பாதை, சைக்கிளுக்குத் தனிப் பாதை. சைக்கிள் பாதை மட்டும் 8.2 கிலோமீட்டர். வளைவில் திரும்பும்போது யார் மீதாவது மோதிவிடுவோமோ என்ற பயம் இல்லாததால் பழக்குவதற்கு அருமையான இடம். பம்ப் டிராக்கும் இருக்கிறது. வரிசையாக மண்மேடுகள், ஓரங்களில் உயர்த்திக் கட்டிய வளைவுகள். அதில் பெடலே மிதிக்காமல் சுற்றி வர வேண்டும். மேட்டில் ஏறும்போது உடம்பை லேசாக்கி, இறங்கும்போது கையாலும் காலாலும் சைக்கிளைக் கீழே அழுத்தினால் அது தானாகவே வேகமெடுக்கும். விறைப்பாக நிற்பவனால் இரண்டு மேட்டைத் தாண்ட முடியாது. முதலில் அவனுக்குச் சலிப்பாக இருந்தது. "இது சின்னப் பசங்க வேலை, சித்தி" என்றான். அவனை விடச் சிறிய பெண் ஒருத்தி பெடலைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்த பிறகு, அவனைத்தான் வீட்டுக்குக் கிளப்ப முடியவில்லை.

உபின் போவதற்கு முந்தைய மாலை அவன் சைக்கிளை முழுவதுமாகப் பார்த்தோம். வளரும் பிள்ளைகளின் சைக்கிளை அடிக்கடி பார்க்க வேண்டும். பிரேக் லீவர் அவன் விரலுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது, அதனால் இரண்டு மூன்று விரலால் இழுத்துக்கொண்டிருந்தான். லீவரில் இருக்கும் சின்னத் திருகைத் திருப்பி அதைக் கைப்பிடிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். பிறகு அதை ஹேண்டில்பாரின் நடுப்பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி, ஆள்காட்டி விரல் லீவரின் நுனியில் விழும்படி வைத்தேன். டிஸ்க் பிரேக்குக்கு ஒரு விரல் போதும், மற்ற விரல்கள் கைப்பிடியை விடவே கூடாது. டயரில் காற்றழுத்தம் 40 பிஎஸ்ஐ இருந்தது. 50 கிலோகூட இல்லாத பையனுக்கு அது கல்லின் மேல் துள்ளத்தான் செய்யும். டியூப் இல்லாத அகலமான டயர் என்பதால் முன்னால் 22, பின்னால் 25 என்று இறக்கினேன். இந்த இரண்டு வேலைக்கும் ஒரு காசு செலவில்லை. அதிர்வைத் தாங்கும் புது சஸ்பென்ஷன் வாங்கித் தரச் சொல்லும் பெற்றோரிடமெல்லாம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

காலையில் சாங்கி வில்லேஜில் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டுப் படகுத்துறைக்குப் போனோம். உபினுக்குப் போகும் பம்போட் என்ற சிறு படகுக்குக் கால அட்டவணை கிடையாது. 12 பேர் சேர்ந்தால் கிளம்பும், சைக்கிளுக்குத் தனிக் கட்டணம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தீவு. ஒரு காலத்தில் இங்கிருந்து வெட்டிய கருங்கல்லைத்தான் 1850-களில் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் கட்டக் கொண்டுபோனார்கள். இப்போது குவாரிகளில் தண்ணீர் நிரம்பி, சுற்றிலும் காடு மண்டிக் கிடக்கிறது. மேற்கே கெத்தாம் போகும் வழியில் மரக்கிளையில் இருவாச்சி ஜோடி ஒன்று உட்கார்ந்திருந்தது. பையை சைக்கிளோடு விட்டுவிட்டு நகர்ந்தால் காட்டுப்பன்றி வந்து கிளறிவிடும், அதனால் சாப்பாடு எப்போதும் முதுகில்தான் இருக்க வேண்டும்.

நீலப் பாதையில் ஒரு சுற்று போய்விட்டுக் கறுப்பு வைரப் பாதையின் ஓர் இறக்கத்தில் நின்றோம். உயரம் அதிகமில்லை. ஆனால் வழியெல்லாம் கல், குறுக்கே ஒரு வேர், கீழே போனதும் வெடுக்கென்று இடப்பக்கம் ஒரு வளைவு. அவன் விர்ரென்று இறங்கினான், வேரில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கியது, வளைவில் புதருக்குள் போய் விழுந்தான். முழங்கால் காப்பும் கையுறையும் இருந்ததால் ஒரு சிராய்ப்போடு போயிற்று. எழுந்தவுடன் மறுபடி மேலே ஓடப் பார்த்தான். நான் விடவில்லை. சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு இருவரும் அந்த இறக்கத்தை நடந்தே பார்த்தோம்.

அன்றைய பொழுதில் பெரும்பகுதி அந்த ஒரே இடத்தில்தான் போனது. புதிதாகப் பழகுகிறவர்களை ஒரு பாதை முழுவதும் ஓட்டவைப்பதைவிட, கஷ்டமான ஒரு துண்டை எடுத்துத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பதுதான் பலன் தருகிறது. அதிலும் ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயம்தான் சொல்வேன். நாலு விஷயம் சேர்த்துச் சொன்னால் பதின்ம வயதுப் பிள்ளை தலையை ஆட்டிவிட்டு நாலையும் மறந்துவிடும்.

முதலில் கண். அவன் வேரையே பார்த்துக்கொண்டு இறங்கினான், அதனால் வேரிலேயே போய் விழுந்தான். கீழே வளைவுக்கு அப்பால் ஒரு மரத்தைக் காட்டி, "முன்னால இருக்கிற கல்லைப் பார்த்து முடிச்சுட்டா கண்ணு அடுத்து அந்த மரத்துக்குப் போயிடணும்" என்றேன். அடுத்து பிரேக். 1970-களில் கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் பழைய கனமான சைக்கிள்களை மலையிலிருந்து இறக்கி விளையாடிய கூட்டத்திடமிருந்துதான் இந்த விளையாட்டே வளர்ந்தது. அவர்களுடைய சைக்கிளில் பெடலைப் பின்னால் மிதித்தால் பின்சக்கரத்தில் பிடிக்கும் பிரேக். ஓர் இறக்கம் முடிவதற்குள் சூட்டில் கிரீஸ் எரிந்து புகைந்துவிடும், மறுபடி திணிக்க வேண்டியிருக்கும். 1976-இல் அங்கே நடந்த பந்தயத்துக்கு ரீபேக் என்ற பெயர் வந்ததே அதனால்தான். இதைச் சொன்னதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. பின்பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் என்ன ஆகும் என்பதை அதற்கப்புறம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் நிறுத்தும் பலம் பெரும்பாலும் முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. முன்பிரேக் பிடித்தால் தலைகீழாக விழுந்துவிடுவோம் என்ற பயம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. குதிகாலைக் கீழே இறக்கி, முழங்கையை மடக்கி, இடுப்பைத் தாழ்த்திக் கொஞ்சம் பின்னால் வைத்தால் அந்த விசையைக் கால் தாங்கிக்கொள்ளும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் லீவரை விட்டுவிட வேண்டும். டயரின் பிடி குறிப்பிட்ட அளவுதான். அதைப் பிரேக்குக்கே செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சமிருக்காது. வேரின் மேலும் அப்படித்தான். நேர்க்குறுக்காக ஏறித் தாண்ட வேண்டும், தாண்டும்போது பிரேக்கைத் தொடக் கூடாது. இரவு பெய்த மழையில் வேரெல்லாம் வழுக்கிக்கொண்டிருந்ததால் இதை அவன் உடம்பே புரிந்துகொண்டது.

நான் கீழே வளைவில் நின்று அவன் குதிகாலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். குதிகால் இறங்கியிருந்தால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவேன், இல்லையென்றால் ஒன்றும் சொல்ல மாட்டேன். சும்மா நின்றாலே அவனுக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறியது. முன்பெல்லாம் சரளைக் கல் கரகரவென்று இழுபடும். இப்போது சக்கரம் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. வெளிப்பக்கப் பெடலைக் கீழே அழுத்தி, சைக்கிளை உள்ளே சாய்த்து, பார்வை மரத்தில் இருக்க, அவன் வளைவைவிட்டு வெளியே வந்தான். முதலில் வந்ததைவிட மெதுவாக வருவதாக அவனுக்குத் தோன்றியிருக்கிறது. இரண்டையும் என் கைபேசியில் எடுத்த காணொளியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பின்னால் வந்ததுதான் வேகம். அவன் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

இரட்டை வைரப் பாதைக்கு அன்று போகவில்லை. மதியத்துக்குள் கை தளர்ந்துவிடுகிறது, கை தளர்ந்த பிறகு வருவதெல்லாம் காயம்தான். மேற்கே கருமேகம் வேறு திரண்டது, இங்கே மின்னல் விளையாட்டில்லை. அவனும் முரண்டு பிடிக்கவில்லை. கிராமத்துக்கு வந்து இளநீர் குடித்துவிட்டு, மழைக்கு முன் கடைசியாகக் கிளம்பிய படகைப் பிடித்தோம்.

படகில் அவன் கேட்டது தாவுவதைப் பற்றி இல்லை. முன்சக்கரத்தைத் தூக்கிக் கட்டையைத் தாண்டுவது எப்படி என்று கேட்டான். அதற்கு வீட்டுக்குக் கீழே இருக்கும் புல்தரையும் ஒரு மரத்துண்டும் போதும். டிசம்பர் விடுமுறையில் கோலாலம்பூரின் புக்கிட் கியாரா மவுண்டன் பைக் பாதைகளுக்குக் கூட்டிப் போகலாம் என்று அக்காவிடம் கேட்டிருக்கிறேன். காணொளியைக் காட்டினேன், யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.