கல்லடி வீட்டின் வாடகைக் கணக்கு

எங்கள் பக்கத்து வழமைப்படி, மட்டக்களப்பு கல்லடியில் இருக்கும் எங்கள் வீடு அக்காவுக்குச் சீதனமாக எழுதப்பட்டது. அத்தானின் வேலை காரணமாக அவர்கள் கொழும்பில் குடியேறிய பிறகு, பூட்டிக் கிடக்கும் வீடு பாழாகிவிடும் என்று அதை வாடகைக்குக் கொடுத்தோம். மாதம் 35,000 ரூபாய் அம்மாவின் வங்கிக் கணக்குக்கு வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியையான அம்மாவின் ஓய்வூதியத்தோடு அதைச் சேர்த்தாலும் வரி கட்டவேண்டிய எல்லையைத் தொடாது என்பதால், வரி என்ற சொல்லே எங்கள் வீட்டில் எழவில்லை. 2020 தொடங்கிச் சில ஆண்டுகள் வரி விதிக்காமல் விடப்படும் ஆண்டு வருமானமான தனிநபர் விடுதொகை 30 இலட்சமாக இருந்ததும் அந்த மெத்தனத்துக்கு ஒரு காரணம். 2023 இல் அது 12 இலட்சமாகக் குறைந்தபோதுகூட நாங்கள் விழிக்கவில்லை.

தெரிந்த கணக்காளர் ஒருவர் வீட்டின் உறுதிப் பத்திரத்தை வாங்கிப் பார்த்தபோதுதான் தவறு புலப்பட்டது. அம்மா, தான் உயிரோடு இருக்கும்வரை வீட்டின் வருமானத்தை அனுபவிக்கும் சீவிய உரித்தைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல் முழு உரித்தையும் அக்காவுக்கு எழுதியிருந்தார். ஆகவே பணம் யாருடைய கணக்கில் விழுந்தாலும் வாடகை வருமானம் அக்காவுடையதே. அக்காவோ கொழும்பில் மாதம் 275,000 ரூபாய் சம்பளம் பெறுபவர். சம்பளத்தில் மாதாமாதம் கழிக்கப்படும் வரி சம்பளத்துக்கு மட்டுமானது. வாடகை அதற்கு மேலே போய் உட்காருகிறது.

2025/2026 மதிப்பீட்டு ஆண்டின் கணக்கு இது. வீடு இரண்டு மாதம் காலியாகக் கிடந்ததால் வந்த வாடகை 350,000 ரூபாய். பழுதுபார்ப்பு, பராமரிப்பு, தேய்மானம் ஆகியவற்றுக்காகச் சட்டம் தரும் 25 சதவீதக் கழிவு 87,500 போக, மீதி 262,500. ஆண்டுச் சம்பளம் 33 இலட்சத்தில் இப்போதைய விடுதொகையான 18 இலட்சத்தைக் கழித்தால் 15 இலட்சம் மிஞ்சும். அதில் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 18 சதவீதம் என்று அந்தப் படிகள் இரண்டும் சம்பளத்தாலேயே நிரம்பிவிடுவதால், வாடகை முழுவதும் 24 சதவீதப் படியில் விழுகிறது. வரி 63,000 ரூபாய். இதே தொகை அம்மாவின் வருமானமாக இருந்திருந்தால் ஒரு சதமும் இல்லை. சீதன உறுதி எழுதும் நாளில் சீவிய உரித்தைப் பற்றிப் பேசுவது பிள்ளையை நம்பாததைப் போலத் தோன்றும் என்று எங்களூர்ப் பெற்றோர் தயங்குவதை நான் அறிவேன். அந்தத் தயக்கத்துக்கும் ஒரு விலை உண்டு என்பது இப்போதுதான் தெரிகிறது. இனி உறுதியை மாற்றி எழுதப் போனால், முத்திரை வரியும் நொத்தாரிசுக் கட்டணமும் சேர்ந்து சில ஆண்டு வரியை விழுங்கிவிடும் என்பதால் அதை விட்டுவிட்டோம்.

ஆயினும் எங்கள் வாடகையை அதிகம் தின்றது வரி அன்று, உப்புக்காற்று. ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலுமாக நீளும் கல்லடியில், இரும்பு என்று பெயர் கொண்ட எதுவும் நெடுநாள் நிற்பதில்லை. யன்னல் கம்பிகள் செதிலாக உதிர்ந்தன. கதவுக் கீல்கள் இறுகின. சீமெந்துக்குள் இருந்த கம்பி துருவேறிப் பருத்து, வாசல் தூணையே வெடிக்க வைத்தது. மாரியில் நிலத்தடி நீர் மேலெழும்போது மலக்குழி நிறைந்துவிடும். பவுசர் வண்டியை அழைத்து அதை இறைக்க வேண்டும். கிணற்று மோட்டார் வேறு கருகியது. எல்லாமாக அந்த ஆண்டு 140,000 ரூபாய் போயிற்று. 25 சதவீதக் கழிவைப் பெறுபவர் இந்தப் பற்றுச்சீட்டுகளைக் காட்டி மறுபடியும் கழிக்க முடியாது. மாநகர சபைக்குக் கட்டும் சோலைவரி சிறிய தொகைதான். முழு ஆண்டுக்குரியதை ஜனவரி 31 இற்கு முன் செலுத்தினால் 10 சதவீதத் தள்ளுபடி கிடைக்கும் என்பதால் அதை மட்டும் நான் தவறவிடுவதில்லை.

ஆக, 350,000 ரூபாயில் கையில் நின்றது 147,000. மாதத்துக்குப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம்.

இதைச் சொல்வதற்குக் காரணம், கல்முனையில் இருக்கும் நண்பர் ஒருவர் எங்கள் ஒழுங்கையிலேயே 1 கோடி 20 இலட்சத்துக்கு ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விடப்போவதாகக் கேட்டு வந்ததுதான். முதல் இலட்சத்துக்கு 3 சதவீதமும் மீதிக்கு 4 சதவீதமுமான முத்திரை வரி மட்டுமே 479,000 ரூபாய். எங்கள் கணக்கின்படி அது மூன்று ஆண்டு நிகர வருமானத்தைவிட அதிகம். நிறுவனங்களுக்கு விட்டால் கூடுதலாகக் கிடைக்குமே என்றார். கிடைக்கலாம், ஆனால் மாத வாடகை ஒரு இலட்சத்தைத் தாண்டினால் நிறுவனம் 10 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் தரும். அது இறுதி வரி அன்று, ஆண்டுக் கணக்கில் ஈடுசெய்யக்கூடியது. அதற்கான சான்றிதழை அவ்வப்போதே கேட்டு வாங்காவிட்டால் பிறகு அலைய நேரிடும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன் எழுத வேண்டும் என்பதையும் சொன்னேன். 1840 ஆம் ஆண்டுச் சட்டம் அது. இன்றும் பலர் வெறும் கடதாசியில் கையெழுத்து வைத்துவிட்டுப் பின்னர் வருந்துகிறார்கள். அம்பாறைப் பக்கம் மலிவாகக் காணி பார்ப்பதாகவும் அவர் சொன்னதால், அது உறுதியுள்ள தனியார் காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியா என்று முதலில் பார்க்கும்படி கூறினேன்.

நண்பர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் எங்கள் பக்கத்தில் மூன்று மாற்றங்கள் செய்தோம். வாடகை இப்போது அக்காவின் பெயரிலுள்ள தனிக் கணக்குக்குப் போகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கை வரிக்கென ஒதுக்கி, ஆகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15 ஆம் திகதிக்கு முன் தவணையைக் கட்டி, நவம்பர் 30 இற்குள் வருமான வரி விவரத்திரட்டை அனுப்புகிறோம். யன்னல் கம்பிகளைக் கழற்றி அலுமினியம் போட்டாயிற்று. வாசல் தூணைத்தான் மாரிக்கு முன் உடைத்துக் கட்ட வேண்டும், மேசன் வருவதாகச் சொல்லி இரண்டு கிழமையாகிறது.