வஜ்ஜிரம் விட்டுக்கொடுக்கும் இடம்

இத்தாலியில், கிரெமோனா வயலின் அருங்காட்சியகத்தில் ஒரே கண்ணாடிப் பெட்டியின் அருகே முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். தம்பி கைக்கடிகாரத்தைக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. நான்கு பக்கமும் சுற்றி வந்து பார்க்கும்படி வயலினைப் பெட்டியின் நடுவே நிறுத்தியிருக்கிறார்கள். வருகிறவர்கள் முகத்தைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, அடுத்த பெட்டிக்குப் போய்விடுகிறார்கள். நான் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா, அங்கே அப்படி என்ன இருக்கிறது?” என்றான்.

ஓர் ஆணி இருந்தது. குண்டூசித் தலையைவிடச் சற்றே பெரிய மர ஆணி. முதுகுப் பலகையின் மேல் ஓரத்தில், நட்டநடுவில், பாதி மட்டும் தெரிந்தது. மீதிப் பாதியை விளிம்பை ஒட்டி ஓடும் கறுப்புக் கோடு மறைத்திருந்தது. கீழ் ஓரத்திலும் அதுபோல் ஒன்று. அரை நிலவுகள் இரண்டு. தேடுகிறவர் கண்ணுக்கு மட்டுமே அவை படும். நான் நாற்பது வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

என் அப்பா மயிலாப்பூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வயலின் பழுதுபார்த்தார். அவர் புதிதாக ஒரு வாத்தியம்கூடச் செய்ததில்லை. திறந்தார், ஒட்டினார், சீவினார், மூடினார். தந்தியை முறுக்கும் பிரடை வழுக்கினால் சுண்ணக்கட்டி தடவிச் சரிசெய்தார். தந்திகளைத் தாங்கும் குதிரையை இழைத்துப் பொருத்தினார். எனக்கு எட்டு வயதிருக்கும்போது யாரோ கொண்டுவந்த ஒரு பழைய ஜெர்மன் வயலினின் முதுகைக் காட்டி, “இந்த இடத்தில் கிரெமோனாவில் வயலின் செய்த ஸ்ட்ராடிவாரி ஒரு முளை அடிப்பாராம், கரை அதன் மேலே பாதி ஏறி ஓடுமாம். பார்த்தவர்கள் சொல்கிறார்கள்” என்றார். அப்பா பார்த்ததில்லை. பார்க்காமலே 2003இல் போய்விட்டார்.

கரை என்று அப்பா சொன்னது அந்தக் கறுப்புக் கோட்டைத்தான். வேட்டிக்குக் கரை போல வயலினுக்கும் கரை. மலிவான வயலின்களில் அதை மையால் வரைந்துவிடுவார்கள். நல்ல வேலையில் அது கோடே அல்ல. மூன்று மெல்லிய மரப்பட்டைகள், கறுப்பு, வெள்ளை, கறுப்பு. மூன்றும் சேர்ந்தே ஒன்றேகால் மில்லிமீட்டர்தான் வரும். விளிம்பைச் சுற்றிலும் கத்தியால் வாய்க்கால் வெட்டி, பட்டையைச் சூட்டில் வளைத்து உள்ளே இறக்க வேண்டும். அழகுக்கு மட்டுமல்ல. விளிம்பில் அடிபட்டு விரிசல் விட்டால், அது பலகைக்குள் ஓடாமல் இந்த வாய்க்காலிலேயே நின்றுவிடும். மூலைகளில் இரண்டு பட்டைகள் சந்திக்கும் இடத்தில் கறுப்புக் கோடு தேனீயின் கொடுக்குப் போல ஒரு முனையாக நீண்டு முடிகிறது. நான் பார்த்த வயலினில் அந்தக் கொடுக்கு மூலையின் மையத்தைப் பார்க்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கத்தியின் கடைசி அசைவு கண்ணுக்கு அப்படியே தெரிந்தது. அந்த இடத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு வெட்டியிருப்பார். 1715இல் ஸ்ட்ராடிவாரி செய்த வயலின் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வயலின் கலைஞர் ஜோசப் யோவாகிம் வாசித்தது. 1961இல் கிரெமோனா வாங்கி ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்தது. இப்போது ஊர்ப்பெயராலேயே அதை அழைக்கிறார்கள்.

மிலானிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். போ ஆற்றுச் சமவெளி, வயல், மூடுபனி, பிறகு சின்ன ஊர். ஊருக்கு நடுவே 112 மீட்டர் உயர மணிக்கோபுரம். 2013இல் திறந்த அருங்காட்சியகம் மார்க்கோனி சதுக்கத்தில் இருக்கிறது. தம்பி மிலானில் வேலையில் இருப்பதால்தான் இந்தப் பயணமே எனக்கு வாய்த்தது.

வயலின்களுக்கு முன்னால் அச்சுகள் இருக்கும் கூடத்தைப் பார்த்துவிடுங்கள் என்று யார் போனாலும் சொல்வேன். ஸ்ட்ராடிவாரியின் சொந்த மர அச்சுகள், காகித வார்ப்படங்கள், கவராயம், உளிகள். அவர் 1737இல் இறந்தார். தொழிலில் இருந்த இரண்டு பிள்ளைகளும் அடுத்த சில ஆண்டுகளில் போய்விட, துணி வியாபாரம் செய்த மகன் பாவ்லோ பட்டறைச் சாமான்களை 1770களில் கோசியோ என்ற பிரபுவுக்கு விற்றார். அந்தப் பிரபுவின் வாரிசுகளிடமிருந்து ஜுசெப்பே ஃபியோரினி என்ற வயலின் கைவினைஞர் விலைக்கு வாங்கி, 1930இல் கிரெமோனாவுக்கே கொடுத்துவிட்டார். தன் பட்டறையில் வைத்துக்கொள்ள அவருக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும்! கொடுத்தாரே.

அச்சு என்பது வயலின் உருவில் வெட்டிய ஒரு தட்டைப் பலகைதான். ஆறு இடங்களில் பள்ளம். அங்கே சிறு மரக்கட்டைகளை ஒட்டுசக்தி குறைவாக ஒட்டுவார்கள், பிறகு பெயர்த்து எடுக்க வேண்டுமே. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள மேப்பிள் பட்டையைச் சூட்டில் வளைத்து அதைச் சுற்றி ஒட்டினால் பக்கச்சுவர் ஆயிற்று. அச்சில் துளைகள் இருக்கின்றன. அவற்றில் முளை செருகி, கயிறு கட்டி, காயும்வரை இறுக்கி வைப்பார்கள். காய்ந்த பிறகு அச்சை வெளியே எடுத்துவிட்டால், காற்றை மட்டும் சுற்றிக்கொண்டு ஒரு சட்டம் நிற்கும். அந்தச் சட்டம் எப்படி நிற்கிறதோ அப்படித்தான் மேல்பலகையும் முதுகும் வெட்டப்படும். ஒரே அச்சில் பிறந்த இரண்டு வயலின்கள் ஒன்றுபோல் இல்லாததற்குக் காரணம் இதுதான். அப்பாவுக்கு இதைக் காட்டியிருக்க வேண்டும். 1689 என்று தேதியிட்ட அச்சின் ஓரங்களில் வஜ்ஜிரம் பட்டுக் கறுத்த இடங்களைப் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வஜ்ஜிரம் பற்றித்தான் நான் உண்மையில் எழுத நினைத்தேன்.

மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை. நம் தச்சர்கள் கட்டில் செய்ததும் கதவு செய்ததும் அதில்தான். கிரெமோனாக்காரர்கள் வயலின் செய்ததும் அதே இனப் பசையில்தான். சூட்டில் இளகும், ஈரத்தில் விடும். பலர் இதைக் குறையாக நினைக்கிறார்கள். அப்பா இதைத்தான் வயலினின் ஆயுள் என்பார். மேல்பலகையை ஒட்டும்போது வேண்டுமென்றே பசையை நீர்க்கக் கலக்குவார். பனியிலும் வெயிலிலும் மரம் இழைக்குக் குறுக்கே சுருங்கும், விரியும். அப்போது ஏதாவது ஓரிடம் விட்டுக்கொடுத்தாக வேண்டும். பசை விட்டுக்கொடுத்தால் அரை நாள் வேலையில் ஒட்டிவிடலாம். பசை பிடிவாதமாக நின்றால் பலகை பிளக்கும்.

நான் கல்லூரியில் படித்தபோது ஒரு முதிய வித்வான் தன் வயலினைக் கொண்டுவந்தார். வெளியூரில் யாரோ ஒருவர் அதைக் கடைகளில் விற்கும் ரசாயனப் பசையால் ஒட்டிக் கொடுத்திருந்தார். அப்பா திறக்கப் பார்த்தார். வெந்நீரில் நனைத்த கத்தியை விட்டார், ஆவி காட்டினார், நான்கு நாள் பாடுபட்டார். கடைசியில் மேல்பலகையின் ஓரம் ஒரு விரற்கடை அகலத்துக்குப் பிய்ந்துகொண்டு வந்தது. அந்த ஸ்ப்ரூஸ் மரத்தின் வருட வளையங்கள் நூல் நூலாகக் கிழிந்து நின்றதை இப்போதும் பார்க்கிறேன். அப்பா அன்று சாப்பிடவில்லை. “இப்படி ஒட்டியவருக்கு இன்னொருவர் பின்னால் வருவார் என்ற நினைப்பே இல்லை” என்றார்.

கிரெமோனாவில் நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தது அந்தப் பின்னால் வந்தவர்களைத்தான். அங்கிருக்கும் வயலின்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அமாட்டி, ஸ்ட்ராடிவாரி, குவார்னேரி என்று மூன்று வீட்டுப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் தலைச்சுருளுக்குக் கீழே, பிரடைப் பெட்டியின் கன்னத்தில் உற்றுப் பாருங்கள்: ஒரு மெல்லிய இணைப்புக் கோடு தெரியும். அதற்கு மேலே இருக்கும் சுருள் அசல். கீழே இருக்கும் கழுத்து வேறொருவர் செய்தது. ஸ்ட்ராடிவாரி காலத்தில் கழுத்தை உள்ளிருந்து ஆணி அடித்து நிறுத்தினார்கள். 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் கச்சேரி மண்டபங்கள் பெரிதாயின, தந்தியின் இழுப்பு கூடியது, கழுத்து நீள வேண்டியிருந்தது, சாய வேண்டியிருந்தது. ஐரோப்பா முழுவதும் பழைய வயலின்களைத் திறந்து, கழுத்தை மாற்றி, உள்ளே தாங்கும் கட்டையையும் தடிமனாக்கினார்கள். தப்பித்தவை மிகச் சில. ஃபிளாரன்ஸில் 1690ஆம் ஆண்டு ஸ்ட்ராடிவாரி செய்த டெனார் வியோலா, வயலினைவிடப் பெரிய வாத்தியம், ஒன்று பழைய கழுத்தோடு அப்படியே இருக்கிறது என்பதற்காகவே அதைப் போற்றுகிறார்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில்தான் சென்னையில் பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே அது கழுத்து நீண்டு நிமிர்ந்த வேளையில், இங்கே அது தரையில் உட்கார்ந்து, சுருளை வித்வானின் பாதத்தில் சாய்த்துக்கொண்டது. எங்கள் திண்ணைக்கு வந்த வயலின்களில் சுருளின் ஒரு பக்கம் எண்ணெய்ப் பிசுக்கேறி மழுங்கியிருக்கும். கிரெமோனா வயலின்களில் சுருள் கூர்மையாக இருக்கிறது, தேய்மானம் வேறிடத்தில். மேல் வளைவில், உயர்ந்த ஸ்வரங்களுக்குக் கை ஏறும்போது உள்ளங்கை உரசும் இடத்தில், வார்னிஷ் போய் வெறும் மரம் தெரிகிறது. தாடைப்பலகை 1820 வாக்கில் லூயி ஷ்போர் கொண்டுவந்தது. அதற்கு முன் தாடை நேராக மரத்தில்தான் படிந்தது. தேய்மானத்தைப் பார்த்தே எந்த ஊர்க்காரர் வாசித்தது என்று அப்பா சொல்லிவிடுவார். நானும் சொல்வேன்.

ஆந்திரேயா அமாட்டி பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் சார்லஸுக்காகச் செய்தது ஒன்று இருக்கிறது, 1566 வாக்கில். முதுகில் தீட்டிய அரச முத்திரை பாதிக்குமேல் அழிந்து, பொன்னிறத் துகளாகத்தான் தெரிகிறது. என் மனம் அதிகம் போனது அமாட்டியின் பேரன் நிக்கோலோவிடம். 1630ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் அவருடைய தந்தை போனார். கிரெமோனாவில் இந்தத் தொழில் தெரிந்தவராக அவர் ஒருவரே எஞ்சினார் என்கிறார்கள். அதுவரை குடும்பத்துக்கு வெளியே சொல்லித்தராத வித்தையை அவர் வெளியாட்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அப்படி வந்தவர் ஆந்திரேயா குவார்னேரி. அவருடைய பேரன்தான் புகழ்பெற்ற ‘தெல் ஜெசு’. அந்தக் கதவு திறக்காமல் போயிருந்தால் இந்தக் கூடத்தில் பல பெட்டிகள் காலியாக இருந்திருக்கும்.

அன்று மதியம் அங்கேயே உள்ள அரங்கில், பெட்டியிலிருந்து எடுத்த ஒரு ஸ்ட்ராடிவாரியை ஓர் இளம்பெண் அரை மணி நேரம் வாசித்தார். முடிந்தவரை இந்த வாத்தியங்களை வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. 2019 ஜனவரியில் நான்கு வாத்தியங்களின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாகப் பதிவுசெய்ய, ஊரே ஐந்து வாரம் அடங்கி இருந்தது. சுற்றியுள்ள தெருவில் வண்டிகளை நிறுத்தினார்கள். சத்தம் போடாதீர்கள் என்று மேயரே மக்களைக் கேட்டுக்கொண்டார். அந்தப் பெண் சுருதி சேர்க்கும்போது பிரடை ஒரு முறை வழுக்கியது. கட்டைவிரலால் உள்ளே தள்ளித் திருகினார். என் மாணவிகள் தினமும் செய்யும் அதே அசைவு. பிறகு கீழ்த்தந்தியில் வில்லை வைத்தார். முன்வரிசையில் யாரோ ரகசியமாகப் பேசியது போல, அத்தனை அருகில் கேட்டது அந்த ஒலி.

அப்பா எனக்கு விட்டுப்போனது ஒரு ஜெர்மன் பட்டறை வயலின். உள்ளே “அந்தோனியஸ் ஸ்ட்ராடிவாரியஸ் கிரெமோனென்சிஸ்” என்று அச்சடித்த சீட்டு ஒட்டியிருக்கும். லட்சக்கணக்கான வயலின்களில் அப்படி ஒட்டி விற்றார்கள்; தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் அந்தச் சீட்டு இருக்கிறது. ஊர் திரும்பியதும் அதைத்தான் முதலில் எடுத்தேன். முதுகில் முளை கிடையாது, கரையும் மையால் வரைந்ததுதான். இந்த வருடப் பனியில் கீழ் வளைவில் இரண்டு அங்குலத்துக்கு ஒட்டு விட்டிருந்தது. ஒரு தாளைச் செருகினால் உள்ளே போகிறது. பலகையில் ஒரு கீறல் இல்லை.

பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியை ஒலித்துளை வழியாக விட்டு, விளக்கடித்துப் பார்த்தேன். சீட்டுக்கு மேலே, மேல்கட்டையின் ஓரமாக, பென்சிலில் அப்பாவின் கையெழுத்து: “திறந்தது, தை 1987.” அதற்கும் மேலே மங்கிய ஆங்கில எழுத்தில் வேறொருவர் பெயர், 1931. அவர் யாரென்று அப்பாவுக்கும் தெரிந்திருக்காது. பெயருக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது.

வஜ்ஜிரத்தை நேற்று இரவே ஊறப்போட்டுவிட்டேன்.