316எல் போட்டும் கசிந்த கண்டென்சர்

304எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டியூப் கசிந்தால், அதைவிட அரிப்பைத் தாங்கும் 316எல் ரகம் போடு, தீர்ந்தது கதை என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும், செங்குத்தாக நிற்கும் ஒரு கண்டென்சர்தான் அந்த நம்பிக்கையைக் கெடுத்தது. டியூபுக்குள் மேலிருந்து கீழே ஆவி, வெளியே, டியூப்களைச் சுற்றியுள்ள ஷெல்லில் குளிர்நீர். 316எல்லுக்கு மாற்றி இரண்டு வருடம்கூட ஆகவில்லை, மறுபடியும் கசிவு.

உருவி எடுத்த டியூபில் அரிப்பே தெரியவில்லை. மைக்ரோமீட்டர் வைத்தால் கனம் புது டியூப் போலவே இருந்தது. வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் கிளை கிளையாகப் பிரிந்து ஓடும் விரிசல்கள் தெரிந்தன. அத்தனையும், டியூப் முனைகளைப் பிடித்திருக்கும் தட்டான டியூப் ஷீட்டில், மேலே இருப்பதிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். சுழல் மின்னோட்டத்தால் குறை தேடும் எடி கரண்ட் சோதனையிலும் இது சரியாகச் சிக்கவில்லை. டியூப் ஷீட்டை ஒட்டிய இடத்தில் சிக்னல் குழம்பிவிடும்.

தண்ணீரில் குளோரைடு குறைவு என்று ஆய்வக அறிக்கை சொன்னது. பொய்யில்லை. ஆனால் அது பாட்டிலில் பிடித்த தண்ணீர். ஷெல்லில் நீர் வெளியேறும் வாய் டியூப் ஷீட்டுக்குக் கொஞ்சம் கீழே இருந்ததால், அதற்கு மேலே காற்று அடைபட்டுக் கிடந்தது. டியூபின் மிகச் சூடான பகுதியும் அதுதான். அங்கே தண்ணீர் தெறிக்கும், காயும், மறுபடி தெறிக்கும். உப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். டியூப் ஷீட்டின் துளையில் இறுகப் பிடிக்க டியூபை ரோல் செய்து விரித்தபோது தங்கிப்போன இழுவிசை வேறு. குளோரைடு, இழுவிசை, 60 டிகிரிக்கு மேல் சூடு: மூன்றும் சேர்ந்தால் 304, 316 இரண்டுமே விரிசல் விடும். 316இல் உள்ள 2–3% மாலிப்டினம் குழி அரிப்பைத் தள்ளிப்போடும், விரிசலுக்கு அவ்வளவாக உதவாது. இந்த ரகங்களில் உள்ள ஏறத்தாழ 8 முதல் 12% நிக்கலோ, விரிசலுக்கு மிகவும் இடம்கொடுக்கும் அளவு.

மேல் டியூப் ஷீட்டின் விளிம்பில் அடைபட்ட காற்று வெளியேற வென்ட் துளை போட்டு, டியூபை இந்த விரிசலை இன்னும் நன்றாகத் தாங்கும் 2205 டூப்ளெக்ஸ் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றினோம். என்னைக் கேட்டால் பாதிக்குமேல் வேலை செய்தது அந்த வென்ட்தான்.

இன்னொரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் (வெப்பமாற்றி), ஓடத் தொடங்கும் முன்பே ஓட்டையானது. நீரை அழுத்தி நிரப்பிக் கசிவு பார்க்கும் ஹைட்ரோடெஸ்ட் முடிந்து ‘தண்ணீர் வடித்தாயிற்று’ என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள். படுக்கைவாட்டு டியூப், அதைத் தாங்கும் குறுக்குத் தகடுகளான பேஃபிள்களுக்கு நடுவே லேசாகத் தொய்யும். அங்கே கொஞ்சம் நீர் நிற்கும். வாரக்கணக்கில் நின்ற நீரில் பாக்டீரியா குடியேறி, வெல்டு ஓரமாகக் குழி தோண்டிவிட்டது. சூடான காற்று ஊதிக் காயவைத்திருக்கலாம். அந்த வேலைக்குச் செக்லிஸ்டில் ஒரு வரிகூட இல்லை.