வாசனை நின்றதும் வெட்டுக்கிளி மூளைக்குத் தெரிவது எப்படி?

காற்றில் வாசனை சீராக வராது, விட்டுவிட்டுத்தான் உணர்கொம்பில் மோதும். வெட்டுக்கிளி மூளையில் வாசனைச் செய்தி முதலில் வந்துசேரும் பகுதி உணர்கொம்பு மடல். அது ஒவ்வொன்றிலும் செய்தியை அடுத்த கட்டத்துக்கு அனுப்பும் கடத்து நியூரான்கள் சுமார் 830. வாசனை தொடங்கியதும் அவற்றில் ஒரு கூட்டம் துடிக்கும் (மின்துடிப்பு எழுப்பும்), நின்றதும் பெரும்பாலும் வேறொரு கூட்டம். ஆக, "போய்விட்டது" என்பதும் மூளைக்குத் தனிச் செய்தி. எவ்வளவு அழகான ஏற்பாடு! அடுத்த கட்டத்தில் இச்செய்தியைப் பெறும் கென்யன் செல்கள் என்ற நியூரான்கள் சுமார் 50,000. அவற்றில் மிகச் சிலவே துடிக்கும், அதுவும் ஓரிரு துடிப்போடு அடங்கிவிடும்.

ஆய்வகத்தில் இதைப் பதிவு செய்பவர்களுக்கு: வாசனையை வெறுமனே ஊதாதீர்கள். காற்றின் வேகம் மாறினாலே உணர்கொம்பின் தொடுவுணர்வு நியூரான்கள் துடிக்கும். சுத்தக் காற்றை ஓடவிட்டு, வாசனைக் காற்று சேரும் அதே அளவு அதைக் குறையுங்கள். வெட்டுக்கிளிக்குப் பின்புறம் காற்றை இழுக்கும் உறிஞ்சுகுழாய் கட்டாயம். பழைய வாசனை தங்கினால் நின்றபின் வரும் துடிப்பு குழம்பிவிடும்.